அழகரத்தினத்தின் சவள்

இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நாளை முதல் என் தூண்டிலில் மீனே ஏறாமல் போகட்டும். காத்தான்குடி மீராசாஹிப் தன் வாயால் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். அவருடைய வாயைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் சரி.

மீராசாஹிப்பும் ஆரையம்பதி அழகரத்தினமும் இருபத்திரண்டு வருடம் ஒரே தோணியில் வாவிக்கு மீன்பிடிக்கப் போனவர்கள். முன்னால் அழகரத்தினம், பின்னால் மீராசாஹிப். கரையேறிவிட்டால் அழகரத்தினம் எப்போதும் நண்பரின் இடப்பக்கமாகவே நடப்பார். தேத்தண்ணிக் கடையிலும் இடப்பக்க நாற்காலிதான்.

போன தை மாதம், ஒரு ஞாயிறு காலை. அழகரத்தினம் போனில் கூப்பிட்டார்.

"வாறியா மச்சான்?"

"முழங்கால் குத்துது மச்சான். நீ போ."

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. டிவியில் கிரிக்கெட் மெச்.

பகல் பன்னிரண்டு மணிக்குத் தோணி கண்டல் மரங்களுக்குள் ஒதுங்கிக் கிடந்தது. அழகரத்தினம் இருந்தபடியே இருந்தார், தோணி வலிக்கும் சவள் மடியில். மாரடைப்பு என்றார்கள்.

மீராசாஹிப் அழவில்லை. சாப்பிட்டார், தொழுதார், படுத்தார். ஐஸ் பெட்டிக்குள் வைத்த கை போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒரு கேள்வி மட்டும் மரக்கவில்லை. நான் சொன்ன பொய் அவனுக்குத் தெரியுமா? என்மேல் கோபத்தோடு போனானா?

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும், அழகரத்தினத்தின் மனைவி புஸ்பம் அந்தச் சவளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்களிட்டயே கிடக்கட்டும் காக்கா. வீட்டுல வெச்சா பாக்க ஏலாம இரிக்கு."

அன்று பின்னேரமே மீராசாஹிப் தோணியைத் தள்ளினார். மணி 5.50. காற்று அறவே இல்லை.

ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்திருந்த சவள் அது. பிடி ஈரமாக இருந்தது. கை படும் இடம் மட்டும்.

துடைத்துவிட்டு வலித்தார்.

6.05. தோணியின் முன்பக்கம் தாழ்ந்திருந்தது, ஆள் இருப்பது போல. முன்னால் ஆள் இல்லை.

6.15. கரையிலிருந்து மஹ்ரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம்தான். சளப்… சளப்… மீராசாஹிப் கையை நிறுத்தினார்.

சளப்…

ஒன்று கூடுதலாக.

அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மரத்த மனதுக்குப் பயமும் பிந்தித்தான் வரும் போலிருக்கிறது. நடு வாவிக்குப் போனார். அங்கே மீன் பாடும். சவளின் அடியைத் தண்ணீருக்குள் விட்டு, பிடியைக் காதில் வைத்தால் கேட்கும். இருவரும் மாறி மாறிக் கேட்ட இடம் அது.

6.24. சவளை வலப்பக்கமாக இறக்கினார். காதை வைத்தார்.

ஒன்றுமில்லை…

பிறகு ஒரு மூச்சு.

பிறகு, வெற்றிலை போட்ட வாயின் அந்தக் குழைந்த குரல்.

"முழங்கால் எப்பிடி மச்சான்?"

மீராசாஹிப்பின் நாக்கு தானாக அசைந்தது.

"சுகம்."

தோணியின் முன்பக்கம் மெல்ல…

மெல்ல…

எழும்பியது.

6.41க்குக் கரையில் நின்றார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை புஸ்பத்தின் வீட்டுக்குப் போய், பொய் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தார். புஸ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் இருந்தார்.

"அவருக்குத் தெரியும் காக்கா. போன வெச்சிட்டுச் சிரிச்சவர். மீராக்கு முழங்காலுமில்ல ஒண்டுமில்ல, இண்டைக்கு மெச், கிடக்கட்டும் எண்டவர்."

"கோவிக்கல்லியா?"

"மறுகா வந்து கேட்டு நக்கலடிக்கிறன் எண்டுதான் போனவர்."

அப்போதுதான் மீராசாஹிப்புக்குக் கண் நிறைந்தது. தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

புஸ்பம் தேத்தண்ணி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் காதில கேட்டீங்க காக்கா?"

மீராசாஹிப் வலது காதைத் தொட்டுக் காட்டினார். தொட்ட கை அங்கேயே நின்றது.

முப்பத்தாறு வருடத்துக்கு முன் பக்கத்தில் குண்டு வெடித்த நாளிலிருந்து, மீராசாஹிப்புக்கு வலது காது கேட்பதில்லை.