அம்மா வாங்காத நன்மை

என் அம்மா சிலுவையம்மாள் ராயபுரத்தில் ரயில் எஞ்சினுக்குக் கரி சுமந்தவள். கரித்தூள் குடித்துக் குடித்து வறட்டு இருமல் அவளோடு ஒட்டிக்கொண்டது. ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. அடங்கினால் அதிமதுரத்துக்குத்தான் அடங்கும். நாட்டு மருந்துக்கடை சண்முகவேல் அண்ணாச்சி, வேர்த்துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிச் சாற்றை மெல்ல விழுங்கச் சொல்லியிருந்தார். அம்மாவின் முந்தானையில் எப்போதும் நாலு துண்டு முடிந்திருக்கும்.

ஐம்பதாம் வருஷம் எனக்கு ஜார்ஜின் வரன் வந்தது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் பூசையில் எங்களைப் பார்ப்பதாக அவன் அம்மா சொல்லியனுப்பினாள். இருமுகிற வீடென்றால் சயரோக வீடு என்று முடிவுகட்டிப் போய்விடுவார்கள்.

அன்று கோவில் வாசலிலேயே அம்மா இருமத் தொடங்கினாள். பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாத காலம் அது. அதனால் அவள் அதிமதுரம் போடவில்லை. நானே முந்தானையை அவிழ்த்து ஒரு துண்டை அவள் வாயில் திணித்தேன்.

"மானத்த வாங்காதம்மா. வாய மூடிகினு இரு."

இருமல் நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, வெட்கங்கெட்டவளுக்கு.

நன்மை நேரத்தில் எங்கள் வரிசை முழுக்க எழுந்தது. அம்மா எழவில்லை. திருநாளில் நன்மை வாங்காதவள் சாவான பாவத்தில் இருக்கிறாள் என்றுதான் ஊர் பேசும். நான் அவளைத் தாண்டிப் போய், நாக்கை நீட்டி நன்மை வாங்கினேன்.

வெளியே வந்ததும் ஜார்ஜின் அம்மா நேராகவே கேட்டாள். "இன்னாம்மா, திருநாளும் அதுவுமா நன்மை வாங்கல?"

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "பாவம் பண்ணது நானும்மா. எம் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அவள கட்டிக்கினு போங்க."

கட்டிக்கொண்டு போனார்கள். அம்மா என்ன பாவம் செய்தாளோ என்று மாமியார் வீட்டில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள், புருஷனில்லாதவள் வேறு. என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, குழந்தையை வாங்கக் கை நீட்டிய அம்மாவிடம் மாமியார் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கொடுத்துவிட்டார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.