சிஹாபுதீனின் கேமராவும் சிவப்பு முடிச்சும்

சிஹாபுதீனை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. கடையநல்லூர்க்காரன், முப்பத்தொரு வயது. சவூதியில், தமாமில் ஒரு ஜூஸ் பாட்டில் கம்பெனியில் கேமரா பார்த்தவன் என்று எங்கள் முதலாளி சுலைமான் கூட்டிவந்தார். சங்கரன்கோவிலில் அவருடைய விசைத்தறிக் கூடத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் மேஸ்திரி. சேலையில் குறை பார்க்கக் கேமரா எதற்கு, எனக்குக் கண் அவிந்தா போய்விட்டது என்று ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

அவன் கதை தெரிந்த பிறகு முறைக்க மனசு வரவில்லை. அவனுடைய மூன்று வயது மகள் அவனைப் போனில் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். ஊருக்கு வந்தவனைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, உம்மாவின் போனை எடுத்து, "வாப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். வாப்பா நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குள் கேமரா ஒழுங்காக ஓடினால் அவனுக்கு இங்கேயே நிரந்தர வேலை. இல்லாவிட்டால் மிஷின் திரும்பிப் போகும், வெள்ளிக்கிழமை விமானத்தில் அவனும் போவான். மறுபடி மூன்று வருஷம் தமாம்.

வேலை கேட்பதற்கு எளிதுதான். தறியிலிருந்து துணி ஒரே சுருளாக வரும். ஒரு சேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், வெட்டுகிறவனுக்கு அடையாளமாகச் சிவப்பு நூலில் ஒரு கோடு நெய்திருப்போம். துணி மேஜை மேல் ஓடும்போது ஓரத்தில் இருக்கும் சென்சார் அந்தச் சிவப்பைக் கண்டால் கேமராவுக்கு ட்ரிகர் என்கிற சைகை கொடுக்கும். புதுச் சேலை வந்துவிட்டது என்று கேமரா படம் எடுக்கத் தொடங்கும்.

முதல் நாள் குறையே இல்லாத சுருளாகப் பொறுக்கி ஓட்டினோம். அருமையாக ஓடியது. மறுநாள் வழக்கமான சுருள்களைப் போட்டதும் வந்தது வினை. ஒரு சேலையை மூன்றாக எண்ணி, அளவு குறைவு, அளவு குறைவு என்று கேமரா தள்ளிக்கொண்டே இருந்தது. அவன் வயரை மாற்றினான். எர்த் கம்பி இறக்கினான். ட்ரிகர் வந்து எத்தனை நொடி கழித்துப் படம் எடுக்க வேண்டும் என்பதைக் கூட்டினான், குறைத்தான். தறி அதிர்வுதான் காரணமோ என்று சென்சாருக்கு அடியில் ரப்பர் வைத்தான். வீட்டுக்கும் போகவில்லை. கூடத்திலேயே கிடந்தான், பாதி நாள் சாப்பாடும் இல்லை. வியாழன் காலையில் மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நான் எதுக்குமே லாயக்கில்லாதவனா அண்ணாச்சி? அந்தப் பிள்ள மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றான்.

அவனுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. நாலு சுருள் ஓடியது, ஒரு சேலைக்கு ஒரு ட்ரிகர், பிசகே இல்லை. முதலாளி வந்து நின்று பார்த்தார், அவன் முதுகில் தட்டினார், டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்.

அப்போதுதான் சுருள் ஏற்றிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாளின் மடியைப் பார்த்தேன். மடி நிறையச் சிவப்பு நூல் துணுக்கு.

துணியில் நூல் அறுந்த இடம் தெரிந்தால், அதற்கு நேராக ஓரத்தில் ஒரு முடிச்சுப் போடுவது எங்கள் வழக்கம். இழை எடுத்துச் சரிசெய்பவளுக்கு அது அடையாளம். கோடு நெய்கிற அதே சிவப்பு நூல்கண்டிலிருந்துதான் அந்த நூலையும் கிள்ளுவோம். பத்தொன்பது வருஷமாக முடிச்சுப் போடுகிறவள் முத்துமாரியம்மாள். தன் முடிச்சு வரும்போதெல்லாம் மிஷின் தள்ளுவதைக் கவனித்தவள், படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கூசி, சத்தம் காட்டாமல் முடிச்சுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் செத்துப்போயிற்று.

"முதலாளிட்ட சொல்லிராதீக அண்ணாச்சி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"இவ எத்தனை நாளைக்குலே உக்காந்து கத்தரிப்பா? குறைக்கு அடையாளமும் போச்சு. நாளைக்கு நாறுனா உன்னோட சேத்து இவளுக்கும்லா வேல போவும்" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

அவன் தரையில் உட்கார்ந்து துணுக்குகளை அள்ளினான்.

"எங்க உம்மாவும் தறிக்காரிதான். இந்த நூல நாந்தான் கிள்ளிக் குடுப்பேன்" என்றான். "வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தா, இது என்ன சிவப்பா தொங்குதுன்னு முதல் நாளே கேட்டிருப்பான். பாத்துப் பாத்து என் கண்ணுக்கே தெரியாமப் போச்சு."

எனக்கும்தான் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷ மேஸ்திரி.

அவன் எழுந்து கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தான். ஒரு ட்ரிகர் வந்த பிறகு எத்தனை நொடிக்கு அடுத்ததைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று கேட்கிற கட்டம் அது. அதில் பூஜ்யம் இருந்தது. பாட்டில்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வரும் இடத்தில் பழகிய கை, அதைத் தொட்டதே இல்லை. எங்கள் மேஜையில் ஒரு சேலை ஓட ஐம்பது நொடி. நாற்பத்தொன்பது என்று போட்டான்; அதுவரை எந்தச் சிவப்பு வந்தாலும் கேமரா கண்டுகொள்ளாது.

பிறகு முத்துமாரியம்மாளிடம், "அக்கா, முடிச்சப் போடுங்க. நெறையப் போடுங்க" என்றான்.

அவள் பயந்துகொண்டே ஒரே சேலையில் ஏழு முடிச்சுப் போட்டாள். துணி ஓடியது. ஏழு முடிச்சும் சென்சாரைக் கடந்து போயின, கேமரா எதையும் புதுச் சேலையாக எண்ணவில்லை. கோடு வந்தது. அதை மட்டும் அடுத்த சேலை என்று எண்ணியது. மூன்று சுருள் ஓட்டினோம். தொழுகை முடிந்து வந்த முதலாளியிடம் நடந்ததை எல்லாம் அவனே ஒளிக்காமல் சொன்னான். அவர் முடிச்சோடு இன்னொரு சுருளை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சரி, வேலை உனக்குத்தான் என்று தலையை ஆட்டினார்.

அவன் மனைவி பஸீலாவுக்குப் போன் போட்டான். எடுத்தது மகள். கூடத்து இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வாப்பா, எப்ப வருவீங்க?"

போனை என்னிடம் நீட்டினான்.

"அஞ்சரை பஸ்ஸுக்கு வாரான் தாயி" என்றேன். "இனி தினமும் அந்த பஸ்ஸுக்குத்தான்."