உறையின் மூலையில் கறுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னைப் புக்கிட் பெருவாங்கில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்புக்குரியவர்களுக்குக் கைப்படக் கடிதம் எழுதுவது பற்றி ஒரு பயிலரங்கு. குளிர்சாதன அறையிலும் வியர்த்துக்கொண்டிருந்த பயிற்றுநர் ஒருவர், கடிதம் எழுதினால் கிடைக்கும் ஏழு நன்மைகளைத் திரையில் ஓடவிட்டார். மன அழுத்தம் குறையுமாம். தூக்கம் வருமாம். ஞாபகசக்தி கூடுமாம். கஷாயம் மாதிரி வெறும் வயிற்றில் எழுதச் சொல்வாரோ என்று பயந்துவிட்டேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தபால்தலையையாவது நக்கி ஒட்டியிருப்பாரா என்பதே சந்தேகம்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அதில் ரோஜா வாசனை. தாளுக்கு எதற்கய்யா வாசனை? எங்கள் கடிதங்களும் மணக்கத்தான் செய்தன, மறுக்கவில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து அக்கா எழுதினால் மண்ணெண்ணெய் வாடை வரும். ஜொகூர் பாருவிலிருந்து நான் எழுதினால் கிரீஸ் நாறும்.

நான் அங்கே லோரிப் பட்டறையில் வேலை பார்த்தேன். வயது இருபது, மூளை அதில் பாதி. மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பா, தோட்டத்துக் கணக்கர் கிராணியின் காலைப் பிடித்து எனக்கு ஆபீசில் ஒரு வேலை கேட்டு வைத்திருந்தார். தோட்டத்து வேலையை நாய்தான் செய்யும் என்றேன். தோட்டத்து வேலை செய்து என்னை வளர்த்தவரிடமே அப்படிச் சொன்னேன். அப்பா வாசலில் நின்று கத்தினார்:

“போடா! நீ செத்தாகூட எனக்குச் சேதி வரக்கூடாது!”

நானும் பெரிய ரோஷக்காரனாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ் வர ஒரு மணி நேரமானது. ரோஷம் வெயிலில் நன்றாகக் காய்ந்தது.

அக்காவுக்கு மட்டும் மாதம் இரண்டு கடிதம் போடுவேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்குக் கீழே வருவதெல்லாம் பொய். டயர் கழுவியவன், சூப்பர்வைசர் ஆகிவிட்டதாக எழுதினேன். கடைசியில் ‘அப்பா எப்படி இருக்கிறார்?’ என்று எழுதி, அக்காவால் படிக்க முடியாதபடி அதை அடித்துவிடுவேன். ஒவ்வொரு கடிதத்திலும் இந்தக் கூத்து நடக்கும். எனக்கு அப்பா வேண்டும். அதைக் கேட்க வாய் மட்டும் வராது.

நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல சேதி என்றால் உறையின் மூலைகளில் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் சேதி என்றால் மூலையில் கறுப்பு மை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக எழுதி, கழுவாத கையால் உறையின் மூலையைப் பிடித்து ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன். கட்டைவிரல் பதிந்த இடத்தில் கிரீஸ் கன்னங்கரேல் என்று அப்பியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

தோட்ட ஆபீசில் கிராணி அந்த உறையை அப்பாவிடம் நீட்டியிருக்கிறார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கறுப்பைப் படிக்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லையே. ‘ஜொகூர்லருந்து’ என்று கிராணி சொன்னதோடு சரி. உறையைப் பிரிக்கச் சொல்லவில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. மரம் சீவின உடுப்போடு பஸ் ஏறிவிட்டார். உறையின் பின்பக்கத்து முகவரியை வழியெல்லாம் காட்டிக் காட்டி, மறுநாள் காலை பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

லோரிக்கு அடியில் படுத்திருந்த எனக்கு முதலில் ரப்பர் பால் காய்ந்த இரண்டு சப்பாத்துகள்தான் தெரிந்தன. வெளியே வந்து நிமிர்ந்தால் அப்பா. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டேய், கையக் கழுவிட்டு எழுதத் தெரியாதா ஒனக்கு?”

அவ்வளவுதான், பக்கத்தில் கிடந்த டயரில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். “பொணத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்டா.” நானும் அழுதேன். சீன முதலாளி ஒன்றும் புரியாமல் இரண்டு கோப்பை கோப்பி கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் கடிதத்தை அப்பா கடைசிவரை பிரிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று. உள்ளே இருந்ததெல்லாம் சூப்பர்வைசரின் பிரதாபங்கள். கடிதம் எழுதி எனக்கு மன அழுத்தம் குறைந்ததா என்று தெரியாது. அப்பா கிடைத்தார். பயிற்றுநரின் ஏழில் அது இல்லை.

போன வருடம் அப்பா தவறினார். சேதி சொல்வது இப்போது சுலபம். குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டால், கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் முளைக்கின்றன. கும்பிட்ட கையோடு அடுத்த நிமிடம் சாப்பாட்டுப் படமும் வருகிறது. அப்பாவோடு மரம் சீவிய கூட்டாளி ஒருவர் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். அவருடைய நம்பர் யாரிடமும் இல்லை, முகவரி மட்டும் இருந்தது. கைப்பட எழுதி, மூலையில் கறுப்பு மை தடவி, பின்பக்கம் என் நம்பரையும் போட்டு அனுப்பினேன். யாரும் வரவில்லை.

இருபதாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். அவருடைய மருமகளாம். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“அங்கிள், ஒங்க சுராட் வந்திருக்கு. மாமாவுக்குக் கண்ணு தெரியாது, எங்களுக்குத் தமிழ் படிக்க வராது லா, அதான் தொறக்கல. கவர்ல இங்க் வேற கொட்டிருக்கு. பத்திரிகையா அங்கிள்? யாருக்குக் கல்யாணம்?”

கறுப்பைப் பார்த்ததும் பஸ் ஏறக்கூடிய மனிதருக்குத்தான் நான்கு நாளுக்கு முன்பு கருமாதி முடித்திருந்தோம்.