கைராசி டாக்டரம்மா

டாக்டரம்மா என்றதும் எனக்கு முகம் ஞாபகம் வருவதில்லை, கைதான் வருகிறது. சின்னக் கைகள். மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது. ஓயாமல் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஏசி அறையில் கை சில்லிட்டுப்போகும் என்பதால், குழந்தையைத் தொடுவதற்கு முன்னால் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வார். அந்த டீயை அவர் குடித்து நான் பார்த்ததில்லை. கை சூடேறியதும் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் குழந்தையின் வயிற்றைத் தொடுவார். அது சிணுங்காது.

தி. நகரில், மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி. அங்கே டோக்கன் போடுகிற வேலை எனக்கு. படிப்பு பெரிதாக இல்லை. அம்மாக்கள் பேசுவதையும் நர்ஸுகள் பேசுவதையும் காதில் போட்டுக்கொண்டுதான் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் வந்தது. பேச்சும் அப்படி வந்ததுதான். கே.கே. நகரிலிருந்தும் கிண்டியிலிருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், வழியில் எத்தனையோ டாக்டர்களைத் தாண்டி வந்து, "கைராசிக்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அந்தம்மா கை பட்டால் ஜுரம் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிடும் என்று ஒரு பூக்காரம்மா சொன்னதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பரப்பியிருக்கிறேன்.

காய்ச்சலில் வாடிப்போன குழந்தைக்குக் கையில் நரம்பு அகப்படாது. சின்ன டாக்டர்கள் குத்திப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு இவரைக் கூப்பிடுவார்கள். இவர் வந்து தடவிப் பார்த்து ஒரே குத்தில் மருந்து இறங்க வழி செய்துவிடுவார். அப்படி ஒருநாள் ஒரு குழந்தையின் கைமேல் இவரையும் சேர்த்து மூன்று டாக்டர்கள் குனிந்திருந்தார்கள். நரம்பு கிடைத்தது. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆக்ஸிஜன் மாஸ்க் நழுவிக் கழுத்துக்குப் போயிருந்தது, குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்தக் குழந்தை பிழைத்து, நடந்தே வீட்டுக்குப் போனது. டாக்டரம்மாவின் மனசைவிட்டுத்தான் அது போகவில்லை. "மூணு பேரும் கையைத்தான்க்கா பார்த்தோம். குழந்தையை யாருமே பார்க்கலை" என்று என் கவுண்டர் பக்கத்தில் நின்று சொன்னார்.

அதற்கப்புறம்தான் அடையாறில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்வந்தார். அவசரத்தில் யார் சொல்வது, யார் கேட்பது என்று குழந்தை டாக்டர்களுக்குச் சொல்லித்தர ஒரு வகுப்பு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். படித்த படிப்பெல்லாம் கைக்கும் கண்ணுக்கும்தானாம், நாலு பேரை வைத்து வேலை வாங்க அவர்களுக்கு யாரும் கற்றுத் தந்ததில்லையாம். சனிக்கிழமை மதியம் மாடி அறையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி எல்லோரும் பழக ஆரம்பித்தார்கள். முறை வைத்து ஆளுக்கொரு வாரம் தலைமை. தலைமைக்கு நிற்பவர் கட்டிலின் கால்மாட்டில்தான் நிற்க வேண்டும். குழந்தையைத் தொடக் கூடாது, தொட்டால் பார்வை அந்த இடத்திலேயே போய் ஒட்டிக்கொண்டுவிடும். "யாராவது" என்ற சொல்லுக்கும் தடை. யாராவது மாஸ்க்கைப் பிடிங்க என்றால் ஒருத்தரும் பிடிக்க மாட்டார்கள், பேர் சொல்லித்தான் சொல்ல வேண்டும். மறந்துபோய் அந்தச் சொல்லைச் சொன்னவர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும்.

சின்ன டாக்டர்கள் சீக்கிரம் பழகிவிட்டார்கள். கை நன்றாக ஓடுகிற டாக்டரம்மாதான் திண்டாடினார். பொம்மைக்கு நரம்பு தேடிக்கூட அவர் கை தானாகப் போகும். "மேடம், உங்க கைக்கு ஒரு லீவு குடுங்க, அதுபாட்டுக்குச் சுத்துது" என்பார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த இளம் டாக்டர். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மாதக்கணக்கில் பழகி, கடைசியில் கை அடங்கியது. அப்புறம் கீழே அவசர அறையில் சத்தம் குறைந்துவிட்டதை நானே கவுண்டரிலிருந்து கவனித்திருக்கிறேன்.

கோடம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவாள். கணவன் ஷூட்டிங்கில் லைட் போடுகிறவர், பாதி நாள் வெளியூரில் இருப்பார். பையன் பிறந்ததிலிருந்து டாக்டரம்மாவிடம்தான் காட்டுவாள். அன்றைக்கு மத்தியானம் அவள் ஓடிவந்தபோது பையனின் தலை தோளில் நிற்காமல் தொங்கியது. நாலைந்து நாள் காய்ச்சல், எங்கேயோ மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் மணியை அழுத்தினேன். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா கால்மாட்டில் நின்றார், கை பின்னால். மதுரை டாக்டர் நரம்பு தேடிக் குத்திக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை என்றதும் டாக்டரம்மா இன்னொரு டாக்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசியை இறக்கச் சொன்னார். இறக்கினார்கள், மருந்து போனது. மாஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. துடிப்பு நின்றதும் நெஞ்சை அமுக்கினார்கள், களைத்துப்போகும் முன்பே ஆள் மாறினார்கள். பொம்மைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை என்று பின்னால் நர்ஸ் சொன்னாள். பையனுக்கு உயிர் திரும்பவில்லை.

டாக்டரம்மாவே வெளியே வந்து சொன்னார். அவள் அழவில்லை. டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கைராசிய நம்பித்தாம்மா தூக்கிக்கினு ஓடியாந்தேன். எல்லாரும் இன்னான்னாவோ பண்ணிக்கினு இருந்தாங்க. நீ மட்டும் கைய கட்டிக்கினு நின்னியே. ஒரு தபா தொட்டிருக்கலாம்ல?"

"ஆமாம்மா. நான் தொடலை" என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். ஒரு தப்பும் அகப்படவில்லை. தப்பு இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நீங்க தேடியிருந்தா நரம்பு கிடைச்சிருக்குமா மேடம் என்று மதுரை டாக்டர் கேட்டிருக்கிறார். கிடைத்திருக்கலாம், எலும்பு வழியாகப் போனதும் அதே மருந்துதான் என்று பதில் வந்ததாம், பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்டுகிற குரலில். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். ஆறியதும் எடுத்து வந்தேன்.

அடுத்த அவசரம் வரும்போது டாக்டரம்மா எங்கே நிற்பார் என்பதுதான் எல்லோர் மனசிலும் ஓடியது. பழையபடி கையை நீட்டிவிட்டால், இத்தனை நாள் பழகியதை மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டுவிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து வலிப்போடு ஒரு பெண் குழந்தை வந்தது. டாக்டரம்மா உள்ளே போனார், கட்டிலைப் பார்த்தார், கால்மாட்டில் போய் நின்றார். நின்றுகொண்டே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க அப்பா அம்மா பக்கத்துல நில்லுங்க. யார் என்ன செய்யுறாங்கன்னு சொல்லிக்கிட்டே இருங்க. நான் எதுக்குச் சும்மா நிக்கிறேன்னும் சொல்லுங்க."

சொன்னேன். அதோ நிற்கிறாரே, அவர்தான் மொத்தக் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையைத்தான் பார்க்கிறார்கள், அவர் குனிந்தால் பார்க்க ஆள் இல்லை என்று சொன்னேன். அந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். குழந்தை வீட்டுக்குப் போனது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. எத்தனையோ பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் அந்தக் கோடம்பாக்கத்து அம்மா வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, தடுப்பூசிக்கு. என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. எந்த டாக்டர் என்று கேட்டேன்.

"அன்னிக்கு வுடாம குத்திக்கினே இருந்தாரே ஒரு டாக்டரு, அவரு கீறாரா?"

இருக்கிறார். இப்போது கால்மாட்டில் கை கட்டி நிற்பது பெரும்பாலும் அவர்தான், புதிதாக வருகிற டாக்டர்களைப் பழக்குவதும் அவர்தான். அந்தப் பொறுப்பை டாக்டரம்மாவே அவரிடம் விட்டுவிட்டார். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். மற்றவர்களிடம் மனப்பாடமாகச் சொல்கிற அதே பேச்சுதான். டோக்கனை எழுதிக் கொடுத்தேன்.

உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"அவர்கிட்டயே அனுப்புங்கக்கா. அவர் பாடுபட்டதைத்தானே பார்த்தாங்க" என்றார். பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கொழுகொழுன்னு இருக்கு மேடம்."

தலையாட்டினார். "ஊசி போட்டா அழும். அழுகை நின்னதும் வந்து சொல்லுங்க."

வராந்தாவில் நின்றேன். பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அம்மா ஏதோ பாடுகிற மாதிரி சமாதானம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. போய்ச் சொன்னேன்.