வளைவில் நின்ற கொடிக்காரர்

எங்கள் ஸ்டேஷனை நேராகத்தான் கட்ட நினைத்தார்கள். குறுக்கே ஒரு மாடி வீடு இருந்தது. வீட்டுக்காரி இடம் தர மாட்டேன் என்றாள். அளக்க வந்தவர்களின் சங்கிலியைப் பிடுங்கி, அதில் வாளியைக் கட்டி, அவர்கள் கண்ணெதிரே கிணற்றில் தண்ணீர் இறைத்தாளாம். தண்ணீர் அன்றைக்கு வழக்கத்தைவிட இனிப்பாக இருந்ததாகவும் கேள்வி. தண்டவாளம் வேறு வழியில்லாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. பிளாட்பாரமும் கூடவே வளைந்தது. எல்லாம் வளைந்து முடிந்த பிறகு, அவள் மகன் அதே வீட்டை ரயில்வேக்கே விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

கடைத்தெருப் பக்கம் படியேறினால் டிக்கெட் ஜன்னல், எல்லோரையும் ஒரே எடையாகக் காட்டும் எடை மிஷின், அதைத் தாண்டினால் பிளாட்பாரம். தலைமாட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் அறை. கால்மாட்டில், ரயிலின் கடைசிப் பெட்டியில், கார்டு. மாஸ்டர் பச்சைக் கொடி காட்டினால்தான் கார்டு விசில் ஊதலாம். ஆனால் நடுவில் வளைவு. இவர் அவருக்குத் தெரிய மாட்டார். அதனால் வளைவில் ஓர் ஆள் நின்று, மாஸ்டர் காட்டிய கொடியைப் பார்த்து அதே கொடியைக் கார்டுக்குக் காட்டுவார். அந்த ஆளை நடுக்கொடியார் என்று ஊரே கூப்பிட்டது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும் உதவியது.

வாங்கியதை அப்படியே கடத்துவது அவருக்கு உடம்போடு ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். மனைவி மாமியாரைப் பற்றி முணுமுணுப்பதை மாமியாரிடம் சேர்ப்பார். மாமியாரின் பதிலை மனைவியிடம் கொண்டுவருவார். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மாமியார் கடைசியில் மூத்த மகன் வீட்டுக்குக் குடிபோனார். "யாரும் தப்பா ஒண்ணும் சொல்லலையே, சொன்னதைத்தானே சொன்னேன்" என்று இவர் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

குடியிருந்தது அந்த வளைவு வீட்டின் முதல் மாடியில்; கீழேயும் மேலேயும் வேறு குடும்பங்கள். மனைவி அங்கேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். ரயிலில் போகிறவர்கள் காலையில் ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டு, மாலையில் இறங்கி அளவு சரியில்லை என்று சண்டை போட வசதியான இடம்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து கண்ணாடி வந்தது. பீரோ அகலம். வளைவில் கம்பம் நட்டு மாட்டினார்கள். இனி கார்டு மாஸ்டரின் கொடியைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நடுக்கொடியார் வேலை வேண்டாம். தூரத்து ஊர் சரக்குக் கிடங்குக்கு மாற்றல், வீட்டையும் காலி செய்யணும். ஒரு நாள் சோதனை ஓட்டம். சரியாக வந்தால் உத்தரவு.

இதையும் நடுக்கொடியார் ஒரு சொல் குறையாமல் மனைவியிடம் கடத்தினார்.

"கிடங்குல தையல் மிஷினுக்கு இடம் இருக்குமா?" என்றாள்.

"கேட்கலை."

"கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கு?"

"நம்ம ஜன்னல் பக்கம்."

அவள் நூல் கோக்கப் போய்விட்டாள்.

சோதனை நாளன்று ஆய்வு அதிகாரி முதல் பெட்டியில் வந்து இறங்கினார். பையும் மூக்குக்கண்ணாடியும் ரயில் இருக்கையிலேயே இருந்தன. வளைவுக் கண்ணாடியைப் படம் எடுக்கணும், அதுவரை ரயிலை நிறுத்தி வையுங்கள் என்றார். மாஸ்டர் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவர் கட்டைவிரல் உயரம் தெரிந்தார். அவர் கொடி நகத்தளவு. அதற்கு மேலே, மாடி ஜன்னலில், கதவு அகலத்துக்கு ஒரு பச்சைப் படுக்கைவிரிப்பு காற்றில் நன்றாக ஆடியது.

கார்டு விசில் ஊதினார். ரயில் போய்விட்டது. அதிகாரியின் பை மட்டும் ஆய்வைத் தொடர்ந்தது.

அதிகாரி மாடியேறினார். நடுக்கொடியார் பின்னால் போனார்.

"ஏம்மா, இன்னைக்குத்தான் துவைக்கணுமா?"

"அழுக்கு நாள் பாத்தா வருது, சார்?"

"இனி இந்தப் பக்கம் பச்சைத் துணி காயப்போடக் கூடாது."

"நான் இனிமே போட மாட்டேன் சார். ஆனா கீழ் வீட்டுல நாலு பிள்ளைங்க, எல்லாருக்கும் பச்சை யூனிஃபார்ம். மேல் வீட்டு அக்காவுக்குப் பச்சைன்னா உசிரு. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அக்கா மட்டும் கொஞ்சம் வாய்."

அதிகாரி நடுக்கொடியார் பக்கம் திரும்பினார். "இது வேணும்னே செஞ்சதா? உங்ககிட்ட முன்கூட்டியே ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க சார்."

தையல் மிஷின் நின்றது.

"என்ன சொன்னாங்க?"

"கிடங்குல மிஷினுக்கு இடம் இருக்குமான்னு கேட்டாங்க. கண்ணாடி எந்தப் பக்கம்னு கேட்டாங்க. நம்ம பக்கம்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நூல் கோத்தாங்க சார்."

அதிகாரி வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். அதில் எதையும் மறைத்துவைக்க இடமே இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். மேல் வீட்டு அக்கா படியில் நின்று, யார் அது என் துணியைப் பற்றிப் பேசுவது என்று குரல் கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். துணி எது, கொடி எது என்று கண்ணாடிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் பையைத் தேடிப் போனார்.

அன்று சாப்பிடும்போது நடுக்கொடியார் கேட்டார்.

"நம்ம வீட்டுல பச்சை விரிப்பே கிடையாதே?"

"தைச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா இந்நேரம் கிடங்குல சாப்பிட்டுட்டு இருப்போம். குழம்பு ஊத்தட்டுமா?"

கண்ணாடி இன்னும் அங்கேயே இருக்கிறது. காலையில் பாதி ஊர் அதில்தான் தலை சீவுகிறது. நடுக்கொடியார் அதன் பக்கத்தில் நின்று கொடி காட்டுகிறார். பச்சைக் கொடியின் ஓரத்தில், மனைவி தலையணை உறைக்குப் போடுகிற அதே இரட்டைத் தையல்.