தொட்டியில் தெரிந்த எழுத்து

ஊரிலிருந்து பலகாரம் சுற்றி வந்த தமிழ்ப் பேப்பரை ஊறவைத்து, அரைத்த வெந்தயம் சேர்த்துப் பிசைந்து, எங்கள் வைட்ஃபீல்ட் பால்கனியில் மகள் நாற்றுத் தொட்டி செய்துகொண்டிருந்தாள். அந்தக் கசப்பு வாடை என்னை, நான் சிறுமியாக இருந்த விவேக் நகர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

காவிரிக் கலவர நாட்கள் அவை. தமிழ் வீடு என்று தெரிந்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். கட்டிலடியில் தமிழ்ப் பேப்பர் கட்டுக்கட்டாக இருந்தது.

"எரிச்சா பொகை வரும். குப்பையில போட்டா யார் கண்ணுலயாவது படும்" என்ற அம்மா, அத்தனையையும் கிழித்து வாளியில் ஊறப்போட்டாள். வெந்தயமும் முட்டை ஓடும் சேர்த்து இடித்து, டம்ளரைச் சுற்றி அப்பித் தொட்டிகளாக்கினாள். "கேட்டா தக்காளி நாத்துக்குன்னு சொல்லு."

வாசலில் காயவைத்த ஒரு தொட்டியில், சரியாகக் கரையாத துண்டில் மட்டும் கொட்டை எழுத்தில் 'று' தெரிந்தது. உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி அதையே பார்த்தாள். ஆன்ட்டி குனிந்து வாசல் மண்ணைத் தொட்டு, கட்டைவிரலால் எழுத்தின்மேல் பூசினாள்.

"மத்ததையும் ஒருவாட்டி திருப்பிப் பாத்துடுங்க ரீ" என்றாள், கன்னடம் கலந்த தமிழில்.

மகளின் குரல் என்னைப் பால்கனிக்குத் திருப்பியது. "அம்மா, இங்க பாரேன், எழுத்து தெரியுது. அழகா இருக்குல்ல?" தான் செய்த தொட்டியை நீட்டினாள்.

ஆமாம் என்று சொல்வதற்குள் என் கட்டைவிரல் அதன்மேல் மண்ணைப் பூசிவிட்டிருந்தது.