முனியசாமியின் மோட்டார்

முனியசாமி கடலில் செத்ததற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை அவருடைய மைத்துனன் பாண்டியின் தலையில் போட்டதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்லப்போவதைக் கேட்டால் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறவன் நான். ஆவூரில் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, தொழிற்பயிற்சிப் பள்ளியில் முடி நரைக்கும்வரை இன்ஜின் பாடம் எடுத்தவன். காரணம் இல்லாமல் எந்த இன்ஜினும் நிற்காது, ஓடவும் ஓடாது என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

ஓய்வுபெற்ற பிறகு மணமேல்குடிக்குத் தெற்கே கடற்கரையில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்தேன். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரைப் பிரித்து மாட்டியவன்தான் முதல் ஓட்டத்துக்குப் படகில் ஏற வேண்டும். முழு வேகத்தில் போய்த் திரும்பி, அவன் கால் மணலில் பட்ட பிறகுதான் வேலை முடிந்ததாக அர்த்தம். படித்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இறக்கி ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்பேன்.

முனியசாமி நண்டு வலைக்குத் தனியாகப் போகிறவர். மோட்டார் மெதுவாக ஓடும்போது ஒழுங்காக இருக்கிறது, வேகம் கொடுத்தால் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். பிரித்தேன். டேங்கிலிருந்து எண்ணெயை இழுக்கும் பம்புக்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். அது இறுகிப்போய் ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. மெதுவாக ஓடும்போது அது தாங்கும், வேகத்தில் தாங்காது. கடையில் புதுச் சவ்வு இல்லை, வர இரண்டு நாளாகும். அன்று ஆவூர் மாதா கோயில் தேர், நான் பஸ் பிடிக்க வேண்டும். பழைய சவ்வையே திருப்பிப் போட்டு மூடி, டிரம்மில் ஓட்டிக் காட்டினேன். சவ்வு கிழிந்திருக்கிறது என்று சொல்லவில்லை. டேங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் நடுவில் கையால் அமுக்குகிற முட்டை வடிவ ரப்பர் பம்பைக் காட்டி, "தடுமாறுனா இத அமுக்கிக்கிட்டே வந்துருங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அது சரி சார், நீங்க அங்கிட்டுப் போயி தேர் இழுப்பீங்க, நான் கடலுக்குள்ள ஒக்காந்து பால் கறக்கணுமாக்கும்" என்று சிரித்தார். "வந்து ஒரு ஓட்டம் பாத்துட்டுப் போங்களேன்."

"டிரம்ல ஓடுறது கடல்ல ஓடாதா?" என்றேன்.

மறுநாள் அவர் கடலுக்குப் போனார், தெற்குக் காற்று கிளம்பியது. அடுத்த நாள், நான் தேர் முடிந்து கடைக்குத் திரும்பியிருந்தபோது, படகைக் கவிழ்ந்த நிலையில் கட்டி இழுத்து வந்தார்கள், பிறகு அவரையும். டேங்க் கழன்று எங்கேயோ மிதந்து போயிருந்தது. குழாயும் கைப்பம்பும் மோட்டாரோடு தொங்கின. அந்த ரப்பர் அமுக்கி அமுக்கியே வெடித்திருந்தது. எத்தனை நேரம் அமுக்கினாரோ. யாரும் கவனிக்கும் முன் அதை அறுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"என்ன சார் ஆயிருக்கும்?" என்று கேட்டார்கள்.

"எண்ணெய் தீந்திருக்கும்" என்றேன்.

அவர் கடலுக்குப் போன காலையில் டேங்கில் எண்ணெய் நிரப்பியது முனியசாமியின் மனைவி காளியம்மாவின் தம்பி பாண்டி. கழுத்துவரை ஊற்றினேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். காளியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. அதற்குப் பிறகு தம்பியோடு பேச்சில்லை, அவன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அதே கரையில் கடை நடத்தினேன். மாதா கோயிலில் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை.

சில வருடங்கள் கழித்துப் பாண்டி அந்த மோட்டாரையே தூக்கிக்கொண்டு வந்தான். அக்கா அதைக் கண்ணில் படாமல் எறியும்படி ஆளிடம் சொல்லியனுப்பினாராம், இவனுக்கு எறிய மனசு வரவில்லையாம். சவ்வு, குழாய், கைப்பம்பு எல்லாம் புதிதாகப் போட்டேன். "ஓட்டம் பாக்க நானும் வாரேன்" என்றேன். அவனுக்கு ஆச்சரியம்.

காலை வெயிலில் கிளம்பினோம். கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் மோட்டார் மூச்சு முட்டி நின்றது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. வடிகட்டியில் தண்ணீர் இல்லை, குழாய் எங்கும் மடங்கவில்லை. பாண்டி கயிற்றை இழுக்க இழுக்க இரண்டு இருமலோடு அடங்கியது. அதற்குள் தெற்கே அலை வெளுக்க ஆரம்பித்தது, படகு குறுக்கே திரும்பி ஆடியது. இப்படித்தான் அந்த மனுஷன் இருந்திருப்பார் என்ற நினைப்பில் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கயிற்றை இன்னொரு தடவை இழுத்தான், மோட்டார் பிடித்துக்கொண்டது. கரையைப் பார்த்துத் திருப்பினான்.

"சார், அம்புட்டு வேகமா அமுக்காதீங்க, எண்ணெய் ஏறி அடைச்சுக்கிரும்" என்று பின்னாலிருந்து கத்தினான்.

"நான் அமுக்கல பாண்டி" என்றேன்.

நம்பினால் நம்புங்கள். என் காலடியில் கிடந்த கைப்பம்பு அமுங்கி எழுந்துகொண்டிருந்தது. இன்ஜின் இழுப்பில் ரப்பர் சப்பிப்போவதை நான் ஆயிரம் தடவை பார்த்தவன். இது அது இல்லை. ஒரு பக்கம் கட்டைவிரல் அளவுக்குக் குழி, மறுபக்கம் மற்ற விரல்களின் குழிகள். அமுங்கும்போது மோட்டார் உறுமியது, தாமதித்தால் தொய்ந்தது. பாண்டி எட்டிப் பார்த்தான், பார்த்ததும் மோட்டார் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கரை நெருங்க நெருங்க அமுக்கும் வேகம் குறைந்தது, கை வலித்துப்போனவன் விட்டு விட்டு அமுக்குவதுபோல. இரண்டொரு தடவை விரல்கள் வழுக்கிய மாதிரி குழி கோணலாக விழுந்தது. படகின் அடி மணலில் உரசியதும் நின்றுவிட்டது.

மணலில் இறங்கியதும் பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். "எங்க அக்காட்ட வந்து சொல்லுங்க சார். இப்பவே வாங்க" என்றான். ஈர வேட்டியோடு போனேன்.

காளியம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கீறல் விட்ட சவ்வைச் சொன்னேன், வெடித்த பம்பை ஒளித்ததைச் சொன்னேன், தேருக்கு ஓடியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடலில் கண்டதையும் சொன்னேன், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

"எண்ணெய் தீந்துபோச்சுன்னு அன்னைக்குச் சொன்னதும் நீங்கதானே?" என்றார்.

"ஆமாம்மா. அது பொய்."

"இன்னைக்கு அவரு வந்து பம்ப அமுக்குனாருங்குறீங்க."

"ஆமாம்மா."

"நானும் பாத்தேன்க்கா" என்றான் பாண்டி.

காளியம்மா இத்தனை காலம் கழித்து முதன்முதலாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "நல்ல ஆளாத்தான்டா புடிச்சுக் கூட்டியாந்திருக்க. ஒம்மேல உள்ள பழியக் கழுவ செத்த மனுசன சாட்சிக்கு இழுக்குறியே, நீ நல்லா இருப்பியா?"

பாண்டி திரும்பி நடந்தான்.

அடுத்த நாள் மீன் ஏலம் நடக்கும் கொட்டகையில் எல்லார் முன்னாலும் நின்று என் தப்பைச் சொன்னேன். கைப்பம்பு கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. "வாத்தியாருக்கு வெயில் ஒத்துக்கல, நெழலுக்குக் கூட்டிப் போங்கப்பா" என்றார் ஒருவர். இன்னொருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே பாண்டி கேரளத்துக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். என் போனை எடுப்பதில்லை.

நான் மட்டும் இன்னொரு முறை காளியம்மாவிடம் போனேன். சவ்வைப் பற்றி மட்டுமே பேசினேன். கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்குப் பம்பு தானா அமுங்குச்சுன்னு சொன்னீங்களே, அது நெசமா? அது இல்லன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் நம்புறேன். என் தம்பிய நானே போன் போட்டுக் கூப்புடுறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அதே வாசலில் இரண்டாவது பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நெசந்தாம்மா" என்றேன்.

அவர் கதவில் கை வைத்தார்.

"வர முடியும்னா எங்கிட்டல்ல வந்திருப்பாரு" என்றார். "ஒங்களயா வந்து கரை சேப்பாரு?"

கதவைச் சாத்திக்கொண்டார்.